கோட்டை மியூசியத்துல எது ஒரிஜினல்னு எப்படிப் பார்க்கிறது?

எட்டாவது படிக்கிற பையனை லீவுல சென்னை ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க இருக்குற வாள் துப்பாக்கி எல்லாம் நிஜமா டூப்ளிகேட்டா, லேபிள்ல போட்டிருக்குறதை நம்பலாமா, அரை மணி நேரத்துல பார்த்து முடிச்சிடலாம்னு சொல்றாங்களே அவ்வளவு தூரம் போறது வேஸ்ட்டானு கேட்டிருக்கீங்க. உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். ஒரிஜினலா இல்லையாங்கறதை விட, ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாடி பையனை நிறுத்தினா அவனுக்கு எதைப் பார்க்கச் சொல்லிக் குடுக்கணும்ங்கறதுதான் நீங்க உண்மையில கேக்குறதுனு எனக்குப் படுது. நான் 22 வருஷம் ஒரு மியூசியத்தோட கன்சர்வேஷன் லேப்ல இருந்தவன், பெரும்பாலும் இரும்பு, வெண்கலம், ஆயுதம். துணியும் ஓவியமும் என் கை வேலை கிடையாது, பக்கத்து மேஜையில செஞ்சவங்ககிட்ட கேட்டுக் கத்துக்கிட்டதுதான், அதனால அதைப் பத்தி நான் சொல்றதை மட்டும் கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கோங்க.

முதல்ல நேரடி பதில். அந்த மாதிரி பழைய அரசாங்க மியூசியத்துல முழு டூப்ளிகேட் ரொம்பக் கம்மி. ரெப்ளிக்கா வச்சா பெரும்பாலும் ரெப்ளிக்கானு எழுதியே வைப்பாங்க. பிரச்சனை வர்ற இடம் வேற. பொருள் நிஜமா இருக்கும், ஆனா லேபிள்ல இருக்குற கதை அதோட கதையா இருக்காது, இல்லனா ரெண்டு மூணு பொருளோட பாகம் ஒண்ணா சேர்ந்து ஒரே பொருளா உக்காந்திருக்கும். நான் வேலை பார்த்த இடத்துலயே ஒரு வாள், பாளையக்காரர் காலத்து வாள்னு எனக்கு முன்னாடி இருந்தே லேபிள். கைப்பிடி ஆட ஆரம்பிச்சதால லேபுக்கு வந்துச்சு. நம்ம ஊர் வாள்ல அலகோட, அதாவது வெட்டுற இரும்புத் தகடோட, வால் பகுதியைக் கைப்பிடிக்குள்ள விட்டு அரக்கு மாதிரி ஒரு பிசினைக் காய்ச்சி ஊத்தி இறுக்கியிருப்பாங்க, லேசா சூடு காட்டினா இளகி வந்துடும். இளக்கி இழுத்தா, கைப்பிடிக்குள்ள இத்தனை நாளா மறைஞ்சிருந்த இடத்துல இங்கிலாந்துனு ஆங்கிலத்துல குட்டியா முத்திரை. எந்த நாட்டுல செஞ்சதுனு சரக்குல முத்திரை குத்துற வழக்கம் பரவினதே 1880களோட கடைசியிலதான். பாளையக்காரர் போர் 1801ல முடிஞ்சு போச்சு. அதுக்காக அது போலி வாள் ஆயிடாது, கைப்பிடி தென்னாட்டு வேலைதான், பழசுதான், அதுல யாரோ பின்னாடி ஒரு சீமை அலகை மாட்டியிருக்காங்க. ஐரோப்பிய அலகை வாங்கி நம்ம கைப்பிடி போட்டுக்குற பழக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, வடக்கே அந்த மாதிரி வாளுக்கு ஃபிரங்கினே பேரு. நான் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன். ஆறு வருஷம் கழிச்சும் அந்தப் பழைய லேபிளே இருந்துச்சு, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. அதனால பையன்கிட்ட சொல்லுங்க, முதல்ல பொருளைப் பாரு, அப்புறம் லேபிளைப் படி, ரெண்டும் ஒத்துப்போகுதானு யோசி.

இதுக்கு ரொம்ப நல்ல இடம் பீரங்கி. ஏன்னா பீரங்கிதான் தன்னைப் பத்தித் தானே எழுதி வச்சுக்கிட்ட ஆயுதம். வெளிய வெயில்ல நிக்கிற பீரங்கியை எல்லாரும் தட்டிப் பார்த்துட்டு ஏறி உக்காந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க, நீங்க போன் டார்ச்சை நேரா அடிக்காம கிட்டத்தட்ட உலோகத்தோட ஒட்டினாப்புல படுக்க வச்சு அடிங்க, நிழல் விழுந்து தேஞ்சு போன எழுத்து எல்லாம் எழுந்து வரும். மேல கிரீடத்தோட ஜி, ஆர்னு ரெண்டு எழுத்து பின்னிக்கிட்டு இருந்தா ஜார்ஜ் மன்னர் காலம். காக்கா கால் மாதிரி மூணு கோடு அம்புக்குறி இருந்தா பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. பெரிய வி, அதோட ரெண்டு கைலயும் ஓவும் சியும் தொங்குற மாதிரி இருந்தா டச்சுக் கம்பெனி, இது நம்ம வ.உ.சி.யோட சம்பந்தப்பட்டதுனு ஒரு அப்பா பிள்ளைக்குச் சொல்லிட்டிருந்ததை என் காதால கேட்டிருக்கேன். பின்பக்கம் நெருப்பு வைக்குற துளைக்குக் கிட்ட மூணு எண் கோடு போட்டுப் பிரிச்சிருக்கும், உதாரணத்துக்கு 32-2-14னு வச்சுக்கோங்க, அது தேதி கிடையாது, எடை. முதல் எண் அந்தர், ஒரு அந்தர் 112 பவுண்டு, ரெண்டாவது கால் அந்தர், அதாவது 28 பவுண்டு, மூணாவது வெறும் பவுண்டு. 32ஐ 112ஆல பெருக்கினா 3584, அதோட 56, அதோட 14, மொத்தம் 3654 பவுண்டு, கிலோவுல 1657. உங்க பையன் அதை மனக்கணக்காவே போட்டுடுவான், போட்டுட்டு லேபிள்ல அஞ்சு டன்னுனு எழுதியிருந்தா எது தப்புனு அவனுக்கே தெரிஞ்சிடும்.

இன்னும் ரெண்டு இடம் பாருங்க. அந்த நெருப்பு வைக்குற துளையில ஆணி அடிச்சு அடைச்சிருக்கானு பாருங்க, எதிரி கைக்குப் போகப் போகுதுனு தெரிஞ்சா ஓடுறதுக்கு முன்னாடி அப்படித்தான் அடிச்சுட்டுப் போவாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற உருளை, அதுலதான் பீரங்கி வண்டியில உக்காரும், அது உடைஞ்சிருந்தா விபத்துனு நினைச்சுடாதீங்க, இனிமே இதைச் சுடக்கூடாதுனு கழிச்சுக் கட்டின பீரங்கிக்கு வேணும்னே அதை உடைச்சு விடுறது உண்டு. பித்தளை பீரங்கினு லேபிள் இருந்தா தொண்ணூறு சதவீதம் அது வெண்கலம்தான், செம்புல பத்துல ஒரு பங்கு வாக்குல வெள்ளீயம் கலந்தது. இங்கிலீஷ்காரங்களே அந்தக் காலத்துல அதை பித்தளைனுதான் எழுதினாங்க, நம்ம ஆளுங்க அதை அப்படியே தமிழ்ல போட்டுட்டாங்க. எல்லா பீரங்கியும் வார்ப்புனும் நினைக்க வேணாம். என்னைக்காவது தஞ்சாவூர் போனா கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டுல இருக்குற பெரிய பீரங்கியைக் காட்டுங்க, ரகுநாத நாயக்கர் காலத்து வேலை, சுமார் 25 அடி நீளம், 20 டன்னுக்கு மேல எடை, அது வார்த்ததே இல்ல, நீள இரும்புப் பட்டைகளைப் பீப்பாய் மாதிரி அடுக்கி மேல இரும்பு வளையத்தைக் காய்ச்சி மாட்டி அடிச்சு இறுக்கினது. கிட்ட போனா வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்குற சந்து கண்ணாலயே தெரியும். அதுக்கு மேல கண்ணாடியும் கிடையாது கதவும் கிடையாது, வெட்டவெளியில நிக்குது, என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த நாட்டுல இருக்குற ஆயுதங்கள்லயே நின்னு பார்க்க வேண்டியது அதுதான்.

துருவைப் பார்த்து வயசு சொல்றவங்களை மட்டும் நம்பாதீங்க. உப்புத் தண்ணியும் கொஞ்சம் ஆசிடும் இருந்தா ஒரு வாரத்துல இரும்பை முந்நூறு வருஷத்துப் பொருள் மாதிரி ஆக்கிடலாம். பழைய துரு அடுக்கடுக்கா, கருப்பா, இறுகிப் போய் இருக்கும், புதுசு செங்கல் பொடி மாதிரி கையில ஒட்டும், அவ்வளவுதான் கண்ணால சொல்ல முடியும். அதுக்கு மேல சொல்லணும்னா எக்ஸ்ரே எடுக்கணும், உலோகக் கலவையை மெஷின்ல பார்க்கணும், அதெல்லாம் இல்லாம ஷோகேஸுக்கு வெளிய நின்னு இது இந்த வருஷத்து வாள்னு யாரு சொன்னாலும், நான் சொன்னாலும், அது ஊகம்தான்.

உள்ள போனா எம்டன் குண்டோட சிதறல் ஒண்ணு இருக்கும், அதைத் தேடிப் பாருங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் கரைக்கு வந்து நூறுக்கும் மேல குண்டு போட்டுச்சு, துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி டாங்கு எரிஞ்சுது, ஊரே மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்புச்சு, அவன் சரியான எம்டன்டானு நாம இன்னைக்கும் பேசுறது அதுல இருந்து வந்ததுதான். பார்த்தா வெறும் இரும்புத் துண்டு, பையன் அஞ்சு செகண்டுல தாண்டிப் போயிடுவான். அங்கதான் ஒரு வேலை குடுங்க. எம்டனோட பெரிய பீரங்கி 10.5 சென்டிமீட்டர். வீட்லயே அட்டையில காம்பஸ் வச்சு 10.5 சென்டிமீட்டர் குறுக்களவுல ஒரு வட்டம் வெட்டி எடுத்துட்டுப் போங்க, சின்ன சொம்போட வாய் அளவு இருக்கும். கண்ணாடிக்கு வெளிய அதைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் துண்டோட வெளி வளைவு வட்டத்தோட ஓரத்துக்கு ஒத்து வருதானு பார்க்கச் சொல்லுங்க. வெடிச்சதுல துண்டு நெளிஞ்சிருக்கும், கண்ணாடிக்கும் பொருளுக்கும் இடைவெளி இருக்கும், அதனால தோராயமாத்தான் வரும். சரியா வந்தாலும், இந்த அளவு பீரங்கியில இருந்து வந்திருக்கலாம்ங்கற வரைக்கும்தான் சொல்ல முடியும், எம்டன்ல இருந்துதான்னு அந்த வளைவு சொல்லாது. அதைச் சொல்றது, துண்டு எந்தத் தெருவுல கிடைச்சுது, யார் எடுத்துக் குடுத்தாங்க, எந்த வருஷம் மியூசியத்துக்கு வந்துச்சுங்கற பதிவு. எங்க தொழில்ல பொருளை விட அந்தப் பதிவேடுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. ஷிமோகா பக்கம் நகராங்கற ஊர்ல 2018ல ஒரு பாழுங்கிணத்தைத் தூர்வாரும்போது திப்பு காலத்து இரும்பு ராக்கெட் ஆயிரத்துக்கும் மேல சேத்தோட வந்துச்சு, அந்த மாதிரி எடுத்த இடமும் நாளும் தெரிஞ்ச பொருளை நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புவேன், ஏலத்துல வாங்கின ராஜா வாளை அப்படி நம்ப மாட்டேன்.

மாடியில 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கோட்டையில ஏத்தின தேசியக்கொடி இருக்கு. பட்டுத் துணி, 12க்கு 8 அடி, 2013ல இருந்துதான் மக்கள் பார்வைக்கு வச்சிருக்காங்க. அறை இருட்டா இருக்கே, லைட்டு கூடப் போட மாட்டேங்கறாங்கனு சலிச்சுக்காதீங்க, பழைய துணிக்கு 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் ஆகாது, அது ஒரு மங்கலான ரூம் அளவுதான். வெளிச்சம் சாயத்தைத் தின்னுடும், தின்னது திரும்பி வராது. அதனால பீரங்கிக்கு அடிச்ச டார்ச்சை இங்க எடுக்கவே கூடாது, அதைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. யூனிஃபார்ம் வச்சிருக்குற இடத்துல தையலைப் பாருங்கனு என் கூட இருந்த துணிக்காரம்மா சொல்லுவாங்க, தையல் மெஷின் பரவினது 1850களுக்கு அப்புறம், அதனால 1799 ஸ்ரீரங்கப்பட்டணச் சண்டையில போட்ட கோட்டுனு சொல்லி ஓரம் முழுக்க மெஷின் தையலா ஓடினா அது பின்னாடி செஞ்சதா இருக்கணும், இல்ல பின்னாடி பிரிச்சுத் தைச்சதா இருக்கணும். இதுல ரெண்டுல எதுனு வெளிய நின்னு சொல்ல முடியாது.

மெடல் வரிசையைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீங்க, விளிம்பைப் பாருங்க. பிரிட்டிஷ் மெடல்ல பெரும்பாலும் சிப்பாயோட நம்பர், ரேங்க், பேரு, ரெஜிமெண்ட் எல்லாம் விளிம்புலதான் பொறிச்சிருக்கும். ஆனா ஷோகேஸ்ல மெடலைத் துணியில தட்டையா ஊசி குத்தி வச்சுடுவாங்க, அந்த ஆளோட பேரு யாருக்கும் தெரியாம போயிடும், இதை நான் பல மீட்டிங்ல சொல்லிப் பார்த்திருக்கேன். முதல் உலகப் போருக்குக் குடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் சிப்பாய்க்கு வெள்ளி, சீனா, மால்டா மாதிரி இடங்கள்ல இருந்து வந்து மண்ணு சுமந்து ரோடு போட்ட லேபர் கோர் ஆளுங்களுக்கு வெண்கலம், இந்தியாவுல இருந்து போன கூலிக்காரங்களுக்கும் அதுதான். வெள்ளியும் வெண்கலமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஏன் இப்படினு கேக்க வைங்க.

இப்ப எனக்கு முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன். இருக்குற பொருளைப் பார்த்த மாதிரியே, இல்லாததையும் பார்க்கணும். மியூசியத்துல, திப்புவைத் தோற்கடிச்ச கம்பெனி கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவோட பெரிய பளிங்குச் சிலை இருக்கும், தாமஸ் பேங்க்ஸ் செதுக்கினது, எல்லாரும் அண்ணாந்து சிலையைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. நீங்க குனிஞ்சு பீடத்துல இருக்குற செதுக்கலைக் காட்டுங்க. 1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்கு அப்புறம், 3 கோடியே 30 லட்ச ரூபாய் கட்டி முடிக்கிற வரைக்கும் பணயமா திப்புவோட ரெண்டு பையன்களை ஒப்படைக்குற காட்சி. ஒருத்தனுக்குப் பத்து வயசு வாக்குல, இன்னொருத்தனுக்கு எட்டு. ஜெயிச்சவங்க அதைப் பெருந்தன்மையா காட்டியிருக்காங்க, பெரியவர் பிள்ளைங்களை அன்பா வரவேற்குற மாதிரி. உங்க பையனை விடச் சின்னப் பிள்ளைங்க, அவன் அந்தப் பிள்ளைங்க இடத்துல நின்னு பார்த்தா அந்தக் கல்லு வேற மாதிரி தெரியும். பொருள் ஒரிஜினல், தேதி சரி, சிற்பி யாருனு தெரியும், அப்படியும் அது சொல்ற கதை ஒரு பக்கத்துக் கதைதான். மெட்ராஸ் ஆர்மியில பெரும்பாலான ஆளுங்க நம்ம ஊர் சிப்பாய்ங்க, ஆனா ஷோகேஸ்ல இருக்குறது பெரும்பாலும் அதிகாரிங்களோட பிஸ்டல், ஓவியம், பீங்கான் தட்டு. சதி பண்ணி மறைச்சாங்கனு நான் சொல்ல வரல, அதிகாரி வீட்டுல பொருளைப் பத்திரமா வச்சிருந்து குடுத்தாங்க, சிப்பாயோட செருப்பும் தலைப்பாகையும் தேஞ்சு கிழிஞ்சு போச்சு.

ஆனா சிலது தேஞ்சு போகல, அழிக்கப்பட்டுச்சு. தஞ்சாவூர் மராட்டிய ராஜா 1855ல ஆண் வாரிசு இல்லாம இறந்ததும் ராஜ்யத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கிச்சு. அரண்மனை ஆயுதக் கொட்டடியில குவியல் குவியலா வாள், கட்டாரி, வேல், குத்தீட்டி. 1860கள்ல அதுல நல்லதா கொஞ்சத்தைப் பொறுக்கி மெட்ராஸ் மியூசியத்துக்கு அனுப்பிட்டு மிச்சத்தை உடைச்சுப் பழைய இரும்பு விலைக்குப் போட்டாங்க. எழும்பூர் மியூசியத்துல இன்னைக்கு நாம பார்த்து வியக்குற தஞ்சாவூர் கட்டாரி எல்லாம் அந்தப் பொறுக்கினதுல வந்ததுதான். கைப்பிடியில யாளி வாயைத் திறந்து அலகைக் கக்குற மாதிரி ஒரு கட்டாரியை லேபுல சுத்தம் பண்ணும்போது, யாளியோட பல்லு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அரம் போட்டுத் தீத்தியிருந்ததை லென்ஸ்ல பார்த்தேன். உடைச்சுப் போட்டதுல இந்த மாதிரி எத்தனை இருந்துச்சோனு அன்னைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல. முடிஞ்சா கோட்டையைப் பார்த்துட்டு அதே லீவுல எழும்பூருக்கும் ஒரு நாள் போங்க.

போர்க் கப்பல் மாதிரி முழுசா நிக்கிற பொருள்னா ஏமாத்த வழியே இல்லையேனு அடுத்து தோணும், அதனால அதையும் சொல்லிடுறேன். விசாகப்பட்டினம் பீச்ல இருக்குற குர்சுரா நீர்மூழ்கி நிஜமான நீர்மூழ்கி, சோவியத்ல கட்டினது, 1969 டிசம்பர்ல கடற்படைக்கு வந்து 2001ல ஓய்வு, 2002 ஆகஸ்ட்ல இருந்து மியூசியம், 91 மீட்டர் நீளம். அதுலயும் நாம நடந்து ஏறுற பக்கவாட்டு வாசல் பார்வையாளருக்காகப் போட்டது, கடல்ல இருந்த ஆளுங்க மேல இருக்குற குறுகலான வட்ட வழியா ஏணியில இறங்கினவங்க. பொம்மை ஆளுங்க சுத்தமா இஸ்திரி போட்ட சட்டையில நிப்பாங்க, டீசல் நாத்தமோ வேர்வையோ இருக்காது. அந்த ஊர்லயே காஸி (Ghazi)ங்கற பாகிஸ்தான் நீர்மூழ்கி பத்தியும் கேள்விப்படுவீங்க. 1971 டிசம்பர் 3க்கும் 4க்கும் நடுராத்திரியில விசாகப்பட்டினத்துக்கு வெளிய அது மூழ்கினதும், உள்ள இருந்த அத்தனை பேரும் இறந்ததும் உறுதி. எப்படி மூழ்குச்சுங்கறதுலதான் ஒத்துமை இல்ல, நம்ம போர்க் கப்பல் ஐஎன்எஸ் ராஜ்புத் போட்ட குண்டாலனு நம்ம தரப்பு சொல்லுது, அவங்க உள்ளயே நடந்த வெடிப்பு இல்ல அவங்களே போட்ட கண்ணிவெடினு சொல்றாங்க. ஒரு லேபிள் இதுல ஒண்ணை மட்டும் எழுதி முடிச்சிருந்தா எனக்கு அந்த லேபிள் மேல மதிப்பு குறையும், ரெண்டையும் எழுதி எதுக்கு ஆதாரம் எவ்வளவுனு சொன்னா, அது நம்ம நாட்டோடதா இருந்தாலும் சரி வேற நாட்டோடதா இருந்தாலும் சரி, நல்ல மியூசியம்னு சொல்லுவேன்.

அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்னு சொன்னவங்க பொய் சொல்லல, எல்லாத்தையும் பார்த்தா அரை மணி நேரம்தான் ஆகும். நீங்க அஞ்சு பொருளை மட்டும் பாருங்க, ஒரு பீரங்கி, எம்டன் துண்டு, கொடி, காரன்வாலிஸ் பீடம், அஞ்சாவதைப் பையனே எடுத்துக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் இது எதுல செஞ்சது, இங்க எப்படி வந்துச்சு, யாரை நோக்கி நீட்டினதுனு மட்டும் ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, பதில் கிடைக்கலனா அந்த இடத்தைக் காலியா விடச் சொல்லுங்க, இட்டுக்கட்டி நிரப்ப வேணாம். வெள்ளிக்கிழமை லீவு, தலைமைச் செயலகம் அதே கோட்டைக்குள்ள இருக்குறதால கேட்ல சோதனை இருக்கும், ஐடி கார்டு எடுத்துக்கோங்க. முடிச்சுட்டு வெளிய வந்து அப்படியே ஹைகோர்ட் பக்கம் நடங்க, எம்டன் குண்டு விழுந்த இடம்னு காம்பவுண்டு சுவர்ல ஒரு கல்வெட்டு பதிச்சிருக்கு, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க அதைக் கவனிக்குறதே இல்ல. அந்த அட்டை வட்டத்தைத் தூக்கிப் போடாம பையன் கையிலயே குடுத்து அங்க நிறுத்துங்க.